பாலன் பிறப்பது நள்ளிரவிலா, விடியலிலா? கள்ளக்குறிச்சி சபைகளுக்கு வருஷா வருஷம் வரும் கவலை!

டிசம்பர் பிறந்தால் போதும். கள்ளக்குறிச்சி வட்டாரத்து கிறிஸ்தவ சபைகளில் கமிட்டி கூடிவிடும். டீ வரும். பிஸ்கட் வரும். நோட்டுப் புத்தகம் திறக்கும். முதல் கேள்வியும் கிளம்பும்.

"ஆராதனை எத்தனை மணிக்கு?"

கேட்டால் சின்னக் கேள்விதான். ஆனால் பந்தல், பாட்டு, குடில், கேக்கு எல்லாமே அப்புறம். யார் வரலாம், யார் வர முடியாது என்று தீர்ப்பு சொல்வது அந்த மணிதான்!

டவுன்காரருக்கு ராத்திரி 12 மணி ஒரு பொருட்டே இல்லை. ஸ்வெட்டரை மாட்டி ஸ்கூட்டரை உதைத்தால் அஞ்சு நிமிஷத்தில் கோயில் வாசல். ஆராதனை முடிந்து ரெண்டு மணிக்கு வீடு. காலையில் பிரியாணி.

மலை ஆட்கள் கதை அப்படி இல்லை.

பஸ் போனால் போனதுதான்

கள்ளக்குறிச்சி 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. மேற்கே சுவர் மாதிரி நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. சில இடங்களில் 2 ஆயிரம் அடி, சில இடங்களில் 4 ஆயிரம் அடி.

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பரிகம் வழியாக ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. மலையின் மறு பக்கம் சேலம் மாவட்டம். அங்கே கருமந்துறை.

இங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்வதால் மலையாளி. பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரம் பக்கம் இருந்து வந்தவர்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, கடுக்காய் என்று பிழைப்பு. மலை முழுக்க ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து!

ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று மலை ஆட்களுக்கு இருக்கும் குறைகளை 2024-ல் சென்னை ஐகோர்ட்டே தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட மலையில், கொண்டை ஊசி வளைவில், மார்கழிப் பனியில், நள்ளிரவு ஆராதனை முடித்துவிட்டு கைக்குழந்தையோடு ஒரு அம்மா வீடு திரும்புவது எப்படி? பஸ் கிடையாது. நடந்தால் காட்டுப் பாதை. யாராவது பிக்கப் வண்டி கொண்டுவந்தால் பின்னால் ஏறி நிற்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஏறினால் ஆபத்து என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏறுவார்கள். பண்டிகை ஆச்சே!

இதனால்தான் விவரமான கமிட்டிகள் காலண்டரை எடுத்து அமாவாசை, பவுர்ணமி கூடப் பார்த்துவிடும். நிலா இருந்தால் பாதி டார்ச் லைட் மிச்சம். கிறிஸ்துமஸ் அன்றைக்கே முழு நிலா வருவது எப்போதாவதுதான். 1977-ல் வந்தது. 2015-லும் வந்தது!

மூன்று பூசை இருக்கிறதே!

நள்ளிரவை விட்டால் பண்டிகை கெட்டுப்போகும் என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அது அவ்வளவு சரி இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்துமசுக்கு ஒரு பூசை அல்ல, மூன்று பூசை. ராத்திரி ஒன்று. விடியலில் ஒன்று. பகலில் ஒன்று. மூன்றுக்கும் வாசகம் வேறு வேறு. ராத்திரியில் பாலன் பிறந்த சேதி. விடியலில் இடையர்கள் பெத்லகேமுக்கு ஓடிப்போய் குழந்தையைப் பார்த்த கதை. பகலில் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம். ஆக, விடியல் பூசை என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கு என்றே வைத்த மாதிரி ஒரு பூசை. பல நூற்றாண்டு பழசு. மலையில் ஆடு மாடு ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 16-ந்தேதி முதல் 24-ந்தேதி வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை நடக்கிறது. வயலுக்குப் போகிற விவசாயி சூரியன் வருவதற்கு முன்னால் கோயிலுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று ஆரம்பித்த வழக்கம். இன்றைக்கும் ஜனம் அலைமோதுகிறது.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பகுதியில் லுத்தரன் சபைகள் வளரக் காரணமாக இருந்தது டென்மார்க் நாட்டு மிஷன். அந்த டென்மார்க்கில் ஜனங்கள் கோயிலுக்குப் போவது 24-ந்தேதி மத்தியானத்துக்கு மேல்! ஆராதனை முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மரத்தைச் சுற்றி ஆடிப் பாடுவார்கள். நள்ளிரவுதான் சட்டம் என்று அங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தவிர, நம்ம ஊரில் விடியற்காலை என்றால் யாருக்கும் புதுசா? மார்கழியில் நாலு மணிக்குக் கோயில் திறக்கிறது. பஜனை கோஷ்டி தெருவில் வருகிறது. கிறிஸ்துமஸ் வருவதும் மார்கழி பத்தாந்தேதி சுமாருக்குத்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ சபைகளில் நாலு மணி, அஞ்சு மணி ஆராதனைதான் பெரிய ஆராதனை. மலை ஆட்கள் அந்த நேரத்துக்கு எப்படியும் எழுந்துவிடுவார்கள். ஆராதனை முடியும்போது வெளிச்சம் வந்துவிடும். முதல் பஸ்சும் வந்துவிடும்.

அதற்காக டவுன்காரர்கள் நள்ளிரவை விட்டுவிட வேண்டும் என்பது இல்லை. போதகர் ஒருவர், சபை நாலு என்று இருக்கும் இடத்தில் டவுனில் ராத்திரி, மலையில் விடியல் என்று பிரித்துக்கொண்டால் ஒரே ஆள் இரண்டையும் நடத்திவிடலாம். தூக்கம்தான் போகும். அதுவும் வருஷத்தில் ஒரு நாள்.

சாட்டின் துணியும் கேழ்வரகு முளையும்

மணி முடிவானால் மற்ற வேலை மளமளவென்று நடக்கும்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் நாலு ஞாயிறு திருவருகைக் காலம். அதற்குள் பாடகர் குழு தயாராக வேண்டும். ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா இருந்தால் போதும் என்ற காலம் போய் இப்போது கீபோர்டு இல்லாமல் இளவட்டங்கள் வாய் திறப்பதில்லை. பழைய கீர்த்தனை வேண்டும் என்று பெரியவர்கள். கைதட்டும் பாட்டு வேண்டும் என்று பையன்கள். கடைசியில் ரெண்டும் பாதிப் பாதி. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் கண்ணை மூடினார். அவர் கீர்த்தனைகளுக்கு இன்னும் வயசாகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட புத்தகம் இல்லாமல் பாடிவிடுகிறார். புதுப் பாட்டுக்குத்தான் திரையும் புரொஜக்டரும் தேவைப்படுகிறது!

அப்புறம் கீத பவனி. பையன்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். கூடவே பஞ்சுத் தாடி, சிவப்பு சாட்டின் உடையோடு கிறிஸ்துமஸ் தாத்தா. வீட்டுக்காரர் காணிக்கை தருவார். சபைக் கமிட்டியின் பண்டிகை பட்ஜெட்டில் பாதி இந்தப் பவனியில்தான் தேறும். மலையில் பவனி என்றால் ஒரு ராத்திரி வேலை இல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஊருக்கு ஊர் நடை. பகலிலேயே முடித்துவிடுவது புத்தி.

குடில் வேலை தனி. வைக்கோல், மூங்கில், களிமண். பத்து நாள் முன்னால் தட்டில் கேழ்வரகு விதைத்து முளைக்கவிட்டால் குடிலுக்குப் பச்சைப் புல் ரெடி. நம்ம முளைப்பாரி மாதிரிதான். முதல் குடிலை ஏற்பாடு செய்தவர் இத்தாலியில் அசிசி நகர் பிரான்சிஸ். வருஷம் 1223. ஊர் பெயர் கிரேச்சோ. அதுவும் ஒரு மலை ஊர்தான்! நிஜ மாடு, நிஜ கழுதை கொண்டுவந்து நிறுத்தினார். ஜனங்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மலை ஏறி வந்து பார்த்தார்கள். நம்ம குடிலில் பொம்மை மாடு நிற்கும்போது வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் நிஜ மாடு அசை போட்டுக்கொண்டு நிற்கும்.

மைக் செட் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. பண்டிகைக்கு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. எனவே நள்ளிரவு ஆனாலும் சரி, விடியல் ஆனாலும் சரி, சத்தம் கோயில் கட்டிடத்துக்குள்தான். மலையில் மைக்கே தேவை இல்லை. மணி அடித்தால் எதிர் மலை வரை கேட்கும்.

சாராயக் கடையில் இருந்து இழுத்து வந்த ஆராதனை

பண்டிகை என்றால் சிலருக்கு பாட்டில். இதை எந்தக் கமிட்டியும் நோட்டில் எழுதுவது இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கள்ளக்குறிச்சிக்கு இது சாதாரணப் பேச்சு அல்ல. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். ஊரே பிணக்காடு ஆனது. அப்பா இல்லை, அம்மா இல்லை என்று நின்ற பிள்ளைகளை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பண்டிகையும் அந்தத் தெருக்களில் ஒரு காலி இடத்தோடுதான் வருகிறது.

எனவே 24-ந்தேதி சாயங்காலம் ஆறு மணியில் இருந்து ஆராதனை தொடங்கும் வரை ஆண்பிள்ளைகளை எங்கே வைப்பது என்பதும் ஆராதனை ஏற்பாட்டில் சேர்த்திதான். நள்ளிரவு வரை சும்மா விட்டால் சிலர் வேறு எங்கேயாவது போய்விடுவார்கள். வந்தாலும் கடைசி பெஞ்சில் குறட்டை!

இங்கிலாந்திலும் இதே தலைவலி இருந்திருக்கிறது. கார்ன்வால் பகுதியில் ட்ரூரோ என்று ஒரு ஊர். அங்கே பெரிய கோயில் கட்டிக்கொண்டிருந்ததால் ஒரு மர ஷெட்டில் ஆராதனை. பிஷப் பென்சன் 1880-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு ஒரு புது மாதிரி ஆராதனை வைத்தார். ஒன்பது வாசகம், நடுநடுவே பாட்டு. ஜனங்களை மதுக்கடையில் இருந்து கிளப்பத்தான் அந்த நேரத்தில் வைத்தார் என்று சொல்வது உண்டு. அந்த ஆராதனைதான் 1918-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்குப் போய், 1928-ல் ரேடியோவில் ஏறி, உலகம் பூராவும் பரவிவிட்டது. நம்ம ஊர் சபைகளில் நடக்கும் கேரல் ஆராதனைகளுக்கும் அதுதான் மூலம்.

அதில் இன்னொரு நல்ல ஏற்பாடு. ஒன்பது வாசகத்தையும் பிஷப்பே படிக்கவில்லை. பாடகர் குழுவில் இருந்த சின்னப் பையன் முதலில் படித்தான். அப்புறம் படிப்படியாக மேலே போய், கடைசியில்தான் பிஷப் முறை!

இங்கே பெரும்பாலும் தலைகீழ். முதல் வாசகம் கமிட்டி செயலாளருக்கு. இரண்டாவது, காணிக்கை அதிகம் கொடுத்தவருக்கு. மலையில் இருந்து இறங்கி வந்த ஆளுக்கு செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாய்.

யார் எங்கே உட்காருவது?

இந்தப் பேச்சு வந்தால் பழைய கதைகளும் வரும்.

கார்ல் ஓக்ஸ் என்று ஒரு பாதிரியார். லைப்சிக் மிஷன் ஊழியராக இந்தியா வந்தவர். சபைக்குள் சாதி வித்தியாசத்தை மிஷன் கண்டும் காணாமல் விடுகிறது என்று கோபப்பட்டு விலகினார். 1860-களில் பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கி பெத்தானியா என்று பெயர் வைத்தார். டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. பழைய தென்னாற்காடு ஜில்லாவில் வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்து அதுதான். இப்போது கடலூரில் அதன் தலைமை இடம்.

சண்டை அத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை.

உளுந்தூர்பேட்டை தாலுகாவில் எறையூர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். பெரிய கத்தோலிக்க ஊர். ஜெபமாலை மாதா கோயில் கம்பீரமாக நிற்கிறது. இங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக ஆக்கித் தர வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய கோயிலில் சமமாக நடத்தவில்லை, சவ ஊர்வலம் கூட பொதுத் தெருவில் போக முடியவில்லை என்பது அவர்கள் குறை. 2008-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி மோதல் வெடித்தது. தலித் வீடுகள் நொறுங்கின. போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் 2 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

ஆகவே பெஞ்சு போடுவது, பாய் விரிப்பது, வாசகம் யாருக்கு, பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்க யார் தூக்கிப் போவது என்பதெல்லாம் வெறும் மேடை அலங்காரம் இல்லை. இதில் ஒரு ஆள் மனசு நொந்தால் அடுத்த வருஷம் அந்தத் தெருவே வராது. வேறு கொட்டகையில் வேறு சபை முளைக்கும். முளைத்தும் இருக்கிறது.

கம்பளியோடு வந்தால் போதும்

வாசகம் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. நாடகம்!

பிள்ளைகள் நடிக்கும் பிறப்பு நாடகத்தில் டவுனில் எல்லோரும் தேவதூதன் வேஷத்துக்கு அடித்துக்கொள்வார்கள். ஜிகினா ஒட்டிய இறக்கை மேல் அப்படி ஆசை. இடையன் வேஷத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். மலையில் அந்தக் கஷ்டம் இல்லை. வேஷமே தேவை இல்லை. தோளில் கிடக்கும் கம்பளியும் கையில் இருக்கும் கோலும் போதும். லூக்கா எழுதின கதைப்படி சேதி முதலில் போனது அரண்மனைக்கு அல்ல, ராத்திரி ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்தவர்களுக்கு. இதை ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர் தன் பேச்சிலேயே சொன்னால் அரை மணி நேரப் பிரசங்கம் தேவை இல்லை.

வேதப் புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பில் வடமொழி வார்த்தை நிறைய. 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கொஞ்சம் சுலபம். ஆனாலும் பழைய நடையில்தான் பக்தி இருக்கிறது என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வாசகமாக எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தால் எந்தப் புத்தகம் ஆனாலும் புரியும். கடகடவென்று ஓட்டினால் எதுவும் புரியாது.

காணிக்கை விஷயத்திலும் மலைக்குத் தனி வழி. கவரில் நோட்டு போட முடியாதவர்கள் ஒரு படி சாமை, ஒரு வாழைத்தார், ஒரு பூசணிக்காய் கொண்டுவருவார்கள். அதை ஓரமாக ஒதுக்காமல் பீடத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாலே கோயில் களை கட்டிவிடும். அப்புறம் ஏலம் விட்டால் சபைக்கும் காசு. மத்தியான சாப்பாட்டுக்குக் குழம்பு வைக்கப் பூசணியும் ஆச்சு.

சாப்பாடு கட்டாயம் வேண்டும். டவுனில் ஒரு துண்டு கேக்கு, ஒரு டம்ளர் டீ கொடுத்தால் ஆராதனை முடிந்தது. அஞ்சாறு மைல் நடந்து வந்த பிள்ளைக்கு கேக்குத் துண்டு எந்த மூலைக்கு? விடியல் ஆராதனை என்றால் ஆறரை மணிக்கு வெண்பொங்கலோ, சுடச் சுட இட்லியோ இலையில் விழ வேண்டும். அதற்கு மூன்று மணிக்கே அடுப்பு பற்ற வேண்டும். பற்ற வைக்கிற பெண்கள் அப்போது ஆராதனையில் உட்கார முடியாதே என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். யோசித்த சபைகளில் அந்த ஒரு நாள் ஆண்பிள்ளைகள் கரண்டி பிடிக்கிறார்கள். பொங்கல் அடி பிடித்திருக்கும். யாரும் குறை சொல்வது இல்லை!

25-ந்தேதி சாயங்காலத்துக்குள் பந்தல்காரர் கம்பைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். குடில் மட்டும் ஜனவரி 6-ந்தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கும். 26-ந்தேதி காலையில் கமிட்டி மறுபடி கூடும். வரவு செலவு பார்ப்பார்கள். மைக் செட்காரருக்கு பாக்கி. வேன்காரருக்கு பாக்கி.

அப்புறம் செயலாளர் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். 31-ந்தேதி ராத்திரி புது வருஷ ஆராதனை வருகிறதே. எத்தனை மணிக்கு?